கம்பியை அறுத்துக்கொள்ளலாமா? வீட்டு மின்சாரத்துக்கு நான்கு வழிகள்

மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு கிளம்புகிறது. கூரையில் சோலார் பேனல்களைப் பதித்து, மாடிப்படிக்கு அடியில் பேட்டரியை வைத்து, கம்பத்திலிருந்து வரும் கம்பியை அறுத்துவிட்டால் என்ன என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. வெயிலுக்கு யாரும் பில் போடுவதில்லை. பேனல்களின் விலை ஒரு தலைமுறைக்கு முன்னர் இருந்ததோடு ஒப்பிட்டால் தரைக்கு வந்துவிட்டது. கட்டணமோ ஏறுவதைத் தவிர வேறொன்றும் அறியாதது போல நடந்துகொள்கிறது. நானும் அந்த ஆசையோடுதான் கணக்குப் போட உட்கார்ந்தேன். கணக்கு முடிந்தபோது கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டணம்தான் இருந்த இடத்தில் இல்லை.

முடிவெடுக்க வேண்டியவர் முன்னால் உண்மையில் நான்கு வழிகள் இருக்கின்றன. இணைப்பை அப்படியே வைத்துக்கொண்டு நுகர்வை மட்டும் குறைப்பது முதல் வழி. பேட்டரி இல்லாமல் கூரையில் பேனல் போட்டு, மிஞ்சுவதைக் கம்பி வழியாகப் பொது மின்கட்டமைப்புக்கே (கிரிட்) கொடுத்து, குறைவதை அங்கிருந்தே வாங்கிக்கொள்ளும் ஆன்-கிரிட் முறை இரண்டாவது. அதோடு ஓரளவு பேட்டரியையும் சேர்த்துக்கொள்ளும் ஹைபிரிட் முறை மூன்றாவது. இணைப்பை முற்றாக ஒப்படைத்துவிட்டுத் தன் கையே தனக்குதவி என்று வாழும் ஆஃப்-கிரிட் முறை நான்காவது. நான்கையும் ஒரே வீட்டை வைத்து ஒப்பிட்டால்தான் வேறுபாடு தெரியும் என்பதால், நாளொன்றுக்கு 8 யூனிட் செலவழிக்கும் ஒரு நடுத்தர வீட்டையே, அதாவது என் வீட்டையே, அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். பணத்தொகை எதையும் நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை. விலை இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும், யூனிட்டும் கிலோவாட்டும் மாறாது.

முதலில் கட்டணச் சீட்டையே கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அதில் பெரும்பாலும் இரண்டு விதமான தொகைகள் இருக்கும். ஒன்று, ஓடிய யூனிட்டுகளுக்கானது. மற்றொன்று, மீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டியே தீர வேண்டிய நிலைக்கட்டணம். முதலாவது எரிபொருள் விலையோடு சேர்ந்து ஏறி இறங்கக்கூடியது. 2022இல் உக்ரைன் போரைத் தொடர்ந்து இயற்கை எரிவாயுவின் விலை எகிறியபோது ஐரோப்பிய வீடுகளின் மின்கட்டணம் எப்படித் தாவியது என்பதை உலகமே பார்த்தது. இரண்டாவது தொகை கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், துணைமின் நிலையம், அவற்றைப் பழுதுபார்க்கும் ஆட்கள் ஆகியவற்றுக்கானது; அது ஏறினால் இறங்குவது அரிது. நுகர்வைக் குறைப்பதும் பேனல் போடுவதும் முதல் தொகையைத்தான் கடிக்கும். இரண்டாவதை ஒழிக்க வேண்டுமானால் இணைப்பையே துறக்க வேண்டும். எனவே ஆஃப்-கிரிட் பற்றிய கேள்வி கடைசியில் இந்த இரண்டாவது தொகையைப் பற்றிய கேள்வியாகவே வந்து நிற்கிறது: அந்த நிலைக்கட்டணத்துக்கு ஈடாக நமக்குக் கிடைப்பது என்ன, அதை நாமே செய்துகொண்டால் எவ்வளவு ஆகும்?

கிடைப்பது எந்நேரமும் கைகட்டி நிற்கும் ஓர் ஆயத்தம். நள்ளிரவில் எழுந்து சுவிட்சைத் தட்டினாலும், ஒரே நேரத்தில் மோட்டாரும் வாட்டர் ஹீட்டரும் ஓடினாலும், எங்கோ ஒரு மின்நிலையம் அந்தக் கணமே அதை ஈடுகட்டுகிறது. இந்த ஆயத்தத்தின் மதிப்பு, அது இல்லாத காலத்தைப் பார்த்தால் விளங்கும். மின்கட்டமைப்பு இல்லாத வீட்டு மின்சாரம் ஒன்றும் புதிய யோசனையல்ல. நியூயார்க்கில் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் ஓடத் தொடங்கிய அதே 1882இல், வங்கியாளர் ஜே. பி. மார்கன் தன் மாளிகைக்குத் தனியாக மின்சாரம் ஏற்பாடு செய்துகொண்டார். பின்புறக் குதிரை லாயத்துக்கு அடியில் குழி தோண்டி நீராவி எஞ்சினும் ஜெனரேட்டரும் வைத்தார்கள். எஞ்சின் ஓட்டுபவர் பிற்பகல் 3 மணிக்கு வந்து கொதிகலனை மூட்டுவார், இரவு 11 மணிக்கு வேலை முடித்துப் போய்விடுவார். விருந்தினர்கள் சீட்டாட்டத்தில் மூழ்கியிருக்கும்போது விளக்குகள் மெல்ல மங்கி அணைந்துபோவது அந்த வீட்டில் வழக்கமாம். இயந்திரத்தின் அதிர்வு தாங்காமல் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தது தனிக்கதை. உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவருக்கே தனி மின்சாரம் இப்படித்தான் வாய்த்தது என்பது எனக்கு இன்றும் ஆறுதலாக இருக்கிறது.

இனி முதல் வழி. பேனல் விற்பவர் இதைப் பேசமாட்டார். ஓர் இரவு 10 மணிக்கு எல்லாரும் படுத்த பிறகு மீட்டரை எழுதி வைத்தேன்: 4318.2. காலை 6 மணிக்குப் பார்த்தபோது 4320.1. ஒருவரும் விழித்திராத எட்டு மணி நேரத்தில் வீடு 1.9 யூனிட்டைத் தின்றிருந்தது. மறுநாள் ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு சிறு வாட் மீட்டரைச் செருகிப் பார்த்ததில் கணக்கு விளங்கியது. பழைய மின்விசிறிகள் இரண்டும் ஒவ்வொன்றும் 75 வாட் இழுத்தன. ஃபிரிட்ஜின் பங்கு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பகுதிதான். மீதியெல்லாம் ரிமோட்டை அழுத்தி 'அணைத்துவிட்டோம்' என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ், மைக்ரோவேவ் கடிகாரம், எதையும் சார்ஜ் செய்யாமல் சுவரில் தொங்கும் சார்ஜர்கள் ஆகியவை சேர்ந்து நாற்பது வாட் அளவுக்கு விடிய விடிய உறிஞ்சியவை.

75 வாட் மின்விசிறிக்குப் பதிலாக பிஎல்டிசி எனப்படும் பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட 30 வாட் மின்விசிறியைப் போட்டால் காற்றில் குறையொன்றும் தெரிவதில்லை. மூன்று மின்விசிறிகள் நாளைக்கு 12 மணி நேரம் ஓடுகின்றன என்று வைத்தால், மிச்சம் நாளொன்றுக்கு 1.6 யூனிட். செட்டாப் பாக்ஸுக்குச் சுவரில் ஒரு சுவிட்ச், எஞ்சியிருந்த பழைய குண்டு பல்புகளுக்குப் பதில் எல்இடி என்று சில்லறை மாற்றங்களையும் சேர்த்ததில் 8 யூனிட் வீடு 6 யூனிட் வீடானது. கட்டணம் அடுக்கு முறையில் இருக்கும் இடங்களில் இதற்கு இரட்டைப் பலன் உண்டு. குறைக்கும் முதல் யூனிட் உச்ச அடுக்கிலிருந்துதான் கழியும் என்பதால், மிக விலையுயர்ந்த யூனிட்டுகளே முதலில் ஒழிகின்றன. இந்த வழியின் குறை ஓரிடத்தில் நின்றுவிடுவது. ஆறை ஐந்தாக்கலாம், இரண்டாக்க முடியாது, வீட்டில் உள்ளவர்கள் வீட்டை விட்டே போய்விடுவார்கள்.

இரண்டாவது வழியான ஆன்-கிரிட் முறையின் அழகு அதன் எளிமை. சராசரியாக நாளைக்கு நான்கரை மணி நேர முழுவெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும் இடத்தில், வெப்பம், தூசி, இன்வெர்ட்டர் (பேனல் தரும் நேர்மின்சாரத்தை, அதாவது டிசியை, வீட்டுக்கு வேண்டிய மாறுமின்சாரமாக, அதாவது ஏசியாக, மாற்றும் கருவி) இழப்பு ஆகியவற்றுக்குக் கால்பங்கைக் கழித்தால், 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.4 யூனிட் தரும். அப்படியானால் 6 யூனிட் வீட்டின் ஆண்டுக் கணக்கை நேர்செய்ய 2 கிலோவாட் போதும். இன்றைய பேனல்களுக்கு அது 10 சதுர மீட்டர் கூரை இடம். (1954இல் பெல் ஆய்வகம் காட்டிய முதல் சிலிக்கான் சூரியக் கலம் மேலே விழுந்த ஒளியில் 6 விழுக்காட்டைத்தான் மின்சாரமாக்கியது, இன்று கடைக்கு வரும் பேனல்கள் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன.) வெயில் சுட்டெரிக்கும் நாளில்தான் பேனல் நிறையத் தரும் என்பது பொதுவான மயக்கம். ஆய்வகத்தில் 25 டிகிரி செல்சியஸில் வைத்து அளந்த திறன்தான் பேனலின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை திறன் குறையும், கூரைமேல் கிடக்கும் பேனலோ 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். பேனல் விரும்புவது ஒளியை, சூட்டை அன்று.

இந்த முறையில் இரண்டு விஷயங்கள் பலருக்குப் போட்ட பிறகுதான் தெரியவருகின்றன. முதலாவது, கரண்ட் போனால் நம் வீட்டிலும் போகும், நடுப்பகல் வெயில் கொளுத்தினாலும் சரி. கம்பத்தில் பழுதுபார்க்க ஏறியவர்மீது நம் கூரையின் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, கட்டமைப்பில் மின்சாரம் நின்றவுடன் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. இரண்டாவது, மிஞ்சிய யூனிட்டுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. கொடுத்த யூனிட்டை வாங்கிய யூனிட்டோடு நேருக்கு நேர் கழிக்கும் நெட் மீட்டரிங் இருக்கும்வரை மின்கட்டமைப்பே நமக்கு இலவச பேட்டரி. அந்தச் சலுகை நிரந்தரமல்ல. அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2015 அக்டோபரில் புதியவர்களுக்கு அதை நிறுத்தியது; கலிபோர்னியா 2023 ஏப்ரல் முதல் புதியவர்கள் தரும் யூனிட்டுக்கான ஈட்டை வெகுவாகக் குறைத்தது. பகலெல்லாம் வெளியே போய்விடும் குடும்பம் தன் பேனல் தருவதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நேரடியாகப் பயன்படுத்தும் என்பதால், அத்தகைய வீட்டை இந்த மாற்றம் நேரடியாகத் தாக்கும். விதி எப்படியிருந்தாலும், துவைப்பது, மோட்டார் போடுவது, வெந்நீர் காய்ச்சுவது ஆகியவற்றை முற்பகலுக்கு நகர்த்துவது ஒரு காசும் செலவில்லாத முதலீடு.

மூன்றாவது வழியைப் பார்ப்பதற்கு முன் நான்காவதைப் பார்த்துவிடுவது நல்லது. மூன்றாவதன் அருமை அப்போதுதான் தெரியும்.

ஆஃப்-கிரிட் வீட்டைச் சராசரி நாளுக்காகக் கட்ட முடியாது. அதை ஆண்டின் மிக மோசமான மாதத்தின் மிக மோசமான வாரத்துக்காகக் கட்ட வேண்டும். கணக்கு அங்கேதான் திசை மாறுகிறது. 6 யூனிட் வீடு என்றோமா? ஆஃப்-கிரிட் இன்வெர்ட்டர் இரவும் பகலும் விழித்திருக்க வேண்டியது. சும்மா இருக்கும்போதே 40 வாட் எடுத்தால் நாளைக்கு 1 யூனிட். ஆக 7. வெயிலே எட்டிப்பார்க்காத மூன்று நாட்களைத் தாங்க வேண்டுமானால் 21 யூனிட் கையிருப்பு வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை 85 விழுக்காடு வரை காலிசெய்யலாம் என்று கொண்டால் 25 யூனிட் கொள்ளளவு. பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும் ஈய அமில பேட்டரியானால் 42 யூனிட் கொள்ளளவு, அதன் எடை மட்டும் ஒரு டன்னைத் தாண்டும். மோசமான மாதத்தில் நாளைக்கு 3 மணி நேர ஒளிதான் என்றால் வரவும் செலவும் சரியாக இருக்கவே மூன்றேகால் கிலோவாட் பேனல் தேவை. மேகம் விலகிய பிறகு அன்றாடச் செலவையும் பார்த்துக்கொண்டு காலியான பேட்டரியையும் நிரப்ப வேண்டுமானால் 5 கிலோவாட் இல்லாமல் முடியாது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே வீடு, அதே 6 யூனிட் வாழ்க்கை. கட்டமைப்போடு இருந்தால் 2 கிலோவாட் பேனல், பேட்டரி இல்லை. விலகினால் 5 கிலோவாட் பேனல், 25 யூனிட் பேட்டரி, பேட்டரி நிரம்புவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர், பெரிய இன்வெர்ட்டர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜெனரேட்டர். இதில் வேடிக்கை என்னவென்றால், நல்ல வெயில் மாதங்களில் அந்த 5 கிலோவாட் பேனல் நாளைக்கு 18 யூனிட்டுக்கு மேல் தரக்கூடியது. வீட்டுக்கு வேண்டியது 7. பேட்டரி நிரம்பியதும் கன்ட்ரோலர் மீதியை ஏற்க மறுத்துவிடும். வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் பாதிக்கு மேற்பட்ட விளைச்சல் கூரையிலேயே வீணாகும்.

பேட்டரியின் கணக்கு இன்னும் நுட்பமானது. சேமித்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு என்ன ஆகிறது என்று அறிய, பேட்டரியின் விலையை அது தன் ஆயுளில் தரப்போகும் மொத்த யூனிட்டால் வகுக்க வேண்டும். 10 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 85 விழுக்காடு ஆழத்தில் 4000 முறை நிரம்பி வடிந்தால் 34,000 யூனிட் தரும். அதே கொள்ளளவுள்ள ஈய அமில பேட்டரி, பாதி ஆழத்தில் 1000 முறை என்றால் 5,000 யூனிட்தான். ஈய அமில பேட்டரி பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்டது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை 1997இல் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குடினஃபின் குழு வெளியிட்டது. நூற்று முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளிக்கு இவ்வளவு வேறுபாடு இருக்கத்தான் வேண்டும். வாங்கும்போது பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஈய அமிலத்துக்குச் சாய்பவர்கள், நாள்தோறும் சுழலும் வேலைக்கு வாங்குகிறார்கள் என்றால், இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை தங்கள் ஊர் விலையால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் 4000 முறை என்ற அந்த எண் ஒவ்வொரு நாளும் முழுதாகச் சுழலும் பேட்டரிக்கு மட்டுமே பொருந்தும். ஆஃப்-கிரிட் வீட்டின் 25 யூனிட்டில் முதல் 4 யூனிட் தினமும் மாலையில் இறங்கிக் காலையில் ஏறுகிறது. அது உழைத்துத் தன் விலையைத் தானே ஈட்டிக்கொள்ளும். மூன்றாவது நாளுக்கென்று வைத்திருக்கும் கடைசி 7 யூனிட்டோ ஆண்டில் பத்து நாள் வேலை செய்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் சும்மா கிடந்து வயதாகும். பயன்படுத்தாவிட்டாலும் பேட்டரி மூப்படையும் என்பதால், பதினைந்து ஆண்டு கழித்து அது மாறும்போது மொத்தமாக ஓராயிரம் யூனிட்தான் தந்திருக்கும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அது இதுதான். மின் நிறுவனத்துக்கு நாம் மனக்கசப்போடு கட்டும் நிலைக்கட்டணம், அந்தக் கடைசி 7 யூனிட்டை ஊருக்கெல்லாம் பொதுவில் வைத்திருப்பதற்கான வாடகை. தனியாகப் போகிறவர் அதை முழு விலை கொடுத்துச் சொந்தமாக வாங்குகிறார்.

இதே காரணத்தால்தான் சிக்கனம் ஆஃப்-கிரிட் வீட்டில் பல மடங்கு பேசும். மேலே சொன்ன மூன்று மின்விசிறிகளின் 1.6 யூனிட் மிச்சம், மோசமான மாதக் கணக்கில், முக்கால் கிலோவாட் பேனலையும் ஏறக்குறைய 6 யூனிட் பேட்டரியையும் வாங்காமல் இருப்பதற்குச் சமம். எந்த ஒப்பந்தக்காரரிடம் போவதற்கு முன்னும் மின்விசிறிக் கடைக்குப் போவது நல்லது.

எண்களுக்கு அப்பால் உழைப்பு என்று ஒன்று இருக்கிறது. என் சித்தப்பா மகன் நகரத்துக்கு வெளியே தோட்ட வீட்டில் ஆறு ஆண்டுகளாக இணைப்பில்லாமல் இருக்கிறார். ஒருமுறை போயிருந்தபோது தொடர்ந்து நான்காவது நாளாக மேகமூட்டம். 48 வோல்ட் பேட்டரியின் திரையில் எண் இறங்கிக்கொண்டே போவதை, காய்ச்சல்காரரின் வெப்பமானியைப் பார்ப்பதுபோல மணிக்கொருமுறை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணன். மாலையில் ஜெனரேட்டரை எடுக்கலாம் என்று கயிற்றை இழுத்தால் அது இருமிவிட்டு அடங்கியது; எட்டு மாதமாகத் தொட்டிக்குள் கிடந்த பெட்ரோல் கெட்டுப்போய் கார்புரேட்டரை அடைத்திருந்தது. அன்றிரவு ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு ஒரேயொரு விளக்கின் கீழ் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அது சுகமான இரவு. அண்ணிக்கு அப்படியில்லை என்பதை ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து பார்த்த அவர் முகம் சொல்லியது. பேட்டரி முனைகளைத் துடைப்பது, பேனலைக் கழுவுவது, ஈய அமிலமானால் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி ஹைட்ரஜன் வெளியேறக் காற்றோட்டம் பார்ப்பது, ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை ஓட்டி வைப்பது ஆகிய வேலைகள் யாராவது ஒருவர் தலையில் விழும்; அந்த ஒருவர் ஊரில் இல்லாத வாரம் எப்படி நடக்கும் என்பதையும் முடிவெடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பேனலிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் வருவது நேர்மின்சாரம். மாறுமின்சாரத்தில் நொடிக்குப் பலமுறை பூச்சியத்தைத் தொட்டு எளிதில் அணைந்துவிடும் தீப்பொறி, நேர்மின்சாரத்தில் அணையாமல் நீண்டு எரியும். வீட்டுப் பலகையில் போடும் சாதாரண பிரேக்கரை அங்கே போட்டுவிட்டுப் போகும் ஆளை அடுத்தமுறை அழைக்கக் கூடாது.

காற்றாலை, சிற்றோடை, டீசல் ஆகியவற்றைப் பற்றியும் கேட்பார்கள். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்பதற்கு, ஏற்ப மாறுவது. வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். மரமும் மாடியும் சூழ்ந்த வீட்டுக் கூரையில் காற்று குழம்பித்தான் வரும் என்பதால், உயரமான கம்பமும் திறந்தவெளியும் இல்லாதவர்களுக்குச் சிறு காற்றாலை ஓர் அலங்காரப் பொருள். ஓடை இருப்பவர் அதிர்ஷ்டசாலி: நொடிக்கு 10 லிட்டர் நீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், பாதி இழப்புக்குப் போனாலும் 490 வாட் கிடைக்கும், இரவும் பகலும் ஓடுவதால் அதுவே நாளைக்கு 11 யூனிட்டுக்கு மேல், பேட்டரியும் பெயரளவுக்குப் போதும். அப்படிப்பட்ட ஓடை எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி. டீசல் ஜெனரேட்டரோ லிட்டருக்கு 3 யூனிட் தந்தால் நன்றாக ஓடுகிறது என்று பொருள். பெரும்பாலான ஊர்களின் டீசல் விலையை 3ஆல் வகுத்தால், அதோடு ஒப்பிடும்போது மின் நிறுவனத்தின் யூனிட் விலை மலிவாகத்தான் தெரியும்.

இப்போது ஹைபிரிட். முன்பு சொன்ன அந்த 'முதல் 4 யூனிட்', தினமும் உழைக்கும் பேட்டரி, இதற்குப் போதும். 3 கிலோவாட் பேனலும் 5 யூனிட் லித்தியம் பேட்டரியும் கொண்ட அமைப்பு சராசரி நாளில் 10 யூனிட் தந்து, மாலைத் தேவையைப் பேட்டரியிலிருந்தே பார்த்துக்கொள்ளும். கரண்ட் போனால் விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ், ரவுட்டர் ஆகியவை மட்டும் இணைந்த தனிச் சுற்று தொடர்ந்து ஓடும். நெட் மீட்டரிங் விதி நாளை மாறினாலும் மிஞ்சியதைச் சேமித்துக்கொள்ள இடமிருப்பதால் அடி அவ்வளவாக விழாது. மாலை நேரத்து யூனிட்டுக்கு அதிக விலை வைக்கும் நேரவாரிக் கட்டணம் உள்ள இடங்களில் பேட்டரிக்கு இன்னொரு வேலையும் கிடைக்கிறது. ஆண்டில் ஓரிரு மேகமூட்ட வாரங்களுக்கு மட்டும் கம்பி உதவிக்கு வரும். அதற்காகக் கட்டும் நிலைக்கட்டணம் எரிச்சலூட்டுவதுதான், மறுக்கவில்லை. கூரைகளில் பேனல் பெருகப் பெருக, மின் நிறுவனங்கள் யூனிட்டில் இழப்பதை நிலைக்கட்டணத்தில் ஏற்றப் பார்க்கும் என்பதும் எதிர்பார்க்க வேண்டியதே. அந்தத் தொகை ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுதி, 20 யூனிட் கூடுதல் பேட்டரி, 2 கிலோவாட் கூடுதல் பேனல், ஒரு ஜெனரேட்டர் ஆகியவற்றின் விலையை அதால் வகுத்தால் எத்தனை ஆண்டு என்று வரும். என் கணக்கில் அந்த எண் பேட்டரியின் ஆயுளைத் தாண்டிப் போனது. பத்துக்குக் கீழே வரும் இடத்தில் இருப்பவர் கம்பியை அறுக்கத் தாராளமாக யோசிக்கலாம்.

அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. அருகிலுள்ள கம்பம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, இடையிலுள்ள கம்பங்களுக்கும் கம்பிக்கும் நம்மையே பணம் கட்டச் சொன்னால் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும். என் அண்ணன் தோட்டத்தில் நடந்தது அதுதான், அவர் எடுத்த முடிவு சரியானதும்கூட. எப்போதாவது தங்கும் சிறு வீடு, விளக்கும் ஒரு பம்பும் மட்டுமுள்ள கொட்டகை, இணைப்பு இருந்தும் நாளில் பாதி நேரம் கரண்ட் வராத இடம் ஆகியவற்றுக்கும் ஆஃப்-கிரிட் பொருந்தும். ஏற்கெனவே வாசலில் ஒழுங்காகக் கரண்ட் வரும் கம்பி இருக்கும் வீட்டுக்கு, விலகுவதற்கான காரணம் பணமாக இருக்க முடியாது. சுதந்திரமாக இருக்கலாம், கொள்கையாக இருக்கலாம், அதற்கு விலை கொடுக்க விரும்புகிறவரை யாரும் தடுக்க வேண்டியதில்லை.

ஆசை விடாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நுகர்வைக் குறைத்து, பிறகு கட்டமைப்பு இல்லாமலும் தனித்து ஓடக்கூடிய இன்வெர்ட்டரோடு ஹைபிரிட் போட்டு, இணைப்பை ஒப்படைக்காமல் மழைக்காலத்தின் நடுவே இரண்டு வாரம் மீட்டரைக் கவனிக்கலாம். ஒப்படைத்த இணைப்பைத் திரும்பப் பெறுவது பல இடங்களில் புதிய இணைப்பு வாங்குவதைப் போன்றதே என்பதால் இந்தச் சோதனை வீண்போகாது. நான் செய்து பார்த்தேன். பதினான்கு நாட்களில் பத்து நாட்கள் மீட்டர் அசையவேயில்லை, நாங்கள் பெருமையோடு அதைப் போய்ப் போய்ப் பார்த்தோம். தொடர்ந்து மேகம் மூடியிருந்த நான்கு நாட்களில் மட்டும் கம்பி வழியாக 11 யூனிட் வந்திருந்தது. அந்த 11 யூனிட்டை முன்கூட்டியே சேமித்து வைத்திருக்க வேண்டுமானால், சுவரில் மாட்டியிருக்கும் பேட்டரியைப் போல இன்னும் மூன்று வாங்கியிருக்க வேண்டும்.